‘டை’ என்ற வினைச்சொல்லுக்குள் ஒளிந்துகொள்பவர்கள்: மலக்குழி மரணங்களும் செய்தியின் இலக்கணமும்

ஆங்கில நாளிதழ்களை நாள்தோறும் வாசிப்பவர்களுக்கு ஒரு தலைப்பு மனப்பாடமாகியிருக்கும். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது விஷவாயுவைச் சுவாசித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தனர் என்பது அத்தலைப்பின் சாரம். ஊரின் பெயர் மாறும். இரண்டு என்பது மூன்றாகவோ ஐந்தாகவோ மாறும். தில்லி, வதோதரா, மும்பை, சென்னை என எங்கிருந்து செய்தி வந்தாலும் வினைச்சொல் மட்டும் மாறுவதில்லை. அது ‘டை’. ஆரம்பப் பள்ளிக் குழந்தைக்கும் பொருள் தெரிந்த, மூன்றே எழுத்துகள் கொண்ட ஆங்கிலச் சொல்.

அச்சொல்லில் பொய் ஏதுமில்லை. அந்தத் தொழிலாளர்கள் இறந்தது உண்மை. ஆயினும் ஒரு குற்றத்தைச் செய்தியாக்கும்போது குற்றம் செய்தவரை வாக்கியத்திலிருந்தே வெளியேற்றிவிடும் ஆற்றல் இச்சொல்லுக்கு உண்டு. செய்தித்தாளில் வெளியேற்றப்பட்டவர் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையிலிருந்தும் எளிதில் வெளியேறிவிடுகிறார். ஆகவே இது மொழிநடை பற்றிய சிறு குறை அன்று. நீதி கிடைப்பதற்கும் கிடைக்காமற்போவதற்கும் தொடர்புடைய கேள்வி.

எழுவாய் யார்?

இலக்கணப்படி ‘டை’ என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. அதற்கு ஓர் எழுவாய் போதும். யாரை என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. யாரால் என்ற கேள்வியையும் அது எழுப்புவதில்லை. முதுமையடைந்தவர் தம் வீட்டில் உறங்கியபடியே உயிர் நீத்தாலும் இதே சொல். பாதுகாப்புக் கருவி எதுவுமின்றி நச்சுக் குழிக்குள் ஒரு தொழிலாளி இறக்கிவிடப்பட்டு மாண்டாலும் இதே சொல்.

தலைப்பின் மற்றொரு பகுதியையும் கவனிக்க வேண்டும். ‘சுத்தம் செய்தபோது’ என்று எழுதும்போது சுத்தம் செய்தலின் எழுவாயும் தொழிலாளியே ஆகிறார். செய்தியின் உடலுக்குள் சென்றால் அவர் ‘தொட்டிக்குள் நுழைந்தார்’, ‘வாயுவைச் சுவாசித்தார்’, ‘மயங்கினார்’, ‘இறந்தார்’ என்று வினைகள் வரிசையாக வரும். நான்கு வினைகளுக்கும் எழுவாய் ஒருவரே. முழு நிகழ்விலும் செயல்பட்டவர் அவர் மட்டுமே என்ற தோற்றம் இவ்வாறு உருவாகிறது. அவரை அழைத்து வந்தவர், கூலி பேசியவர், கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றவர், இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கும் செலவை மிச்சப்படுத்தியவர், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதிகாரி ஆகிய எவருக்கும் ஒரு வினைச்சொல்கூட ஒதுக்கப்படுவதில்லை.

செய்தியின் கடைசிப் பத்தியில் ஒரு வரி வரும்: காவல்துறை வழக்குப் பதிந்து விசாரித்து வருகிறது. யார் மீது வழக்கு, எந்தப் பிரிவில் வழக்கு என்பது பெரும்பாலும் அதில் இருக்காது.

‘எச்சரிக்கை’ என்ற சமாதானம்

இக்கேள்வியை எழுப்பினால் செய்தி அறைகளிலிருந்து ஒரு நியாயமான பதில் வரும். விசாரணை முடியாத நிலையில் ‘கொல்லப்பட்டனர்’ என்று எழுத முடியாது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவரைக் கொலையாளியாகச் சித்திரிப்பது அவதூறு வழக்குக்கு இடம் தரும் என்பது அந்தப் பதில். ஒரு வழக்கறிஞராக இந்த எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆனால் ஆங்கில இதழியலின் அன்றாட வழக்கமே இச்சமாதானத்தை மறுக்கிறது.

மின்னல் தாக்கினால் ஆங்கில நாளிதழ்கள் ‘கில்’ என்ற வினையைத் தயக்கமின்றிப் பயன்படுத்துகின்றன. மின்னல் இருவரைக் கொன்றது என்றே எழுதுகின்றன. நிலச்சரிவு கொல்கிறது, வெப்ப அலை கொல்கிறது, சாலை விபத்தில் மூவர் ‘கில்ட்’ என்று தலைப்பு வருகிறது. மின்னலைக் கைது செய்ய முடியாது என்பதும், லாரி ஓட்டுநரின் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்பதும் செய்தியாசிரியருக்குத் தெரியும். ‘கில்’ என்ற ஆங்கில வினை கொலைக் குற்றச்சாட்டு அன்று. உயிரைப் பறித்த காரணம் வெளியிலிருந்து வந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. கொலைக்கு அம்மொழியில் ‘மர்டர்’ என்ற தனிச்சொல் இருக்கிறது.

ஆகவே தலைப்பில் ‘கில்ட்’ என்று எழுதுவதைச் சட்டம் தடுக்கவில்லை. சாலை விபத்துக்குக் கிடைக்கும் வினைச்சொல் மலக்குழிக்கு மறுக்கப்படுவதற்குச் சட்டம் அல்லாத வேறு காரணம் இருக்க வேண்டும். சாலையில் செல்பவர் சாகக்கூடாதவர். அவரது சாவு அசாதாரணமானது. எனவே அதற்குக் காரணம் தேடப்படுகிறது. குழிக்குள் இறங்குபவரின் சாவோ அவரது வேலையோடு சேர்ந்தே வருவதாகக் கருதப்படுகிறது. அந்த வேலை அவரது சாதியோடு சேர்ந்தே வருவதாகச் சமூகம் கருதுகிறது. ‘நமஸ்தே’ திட்டத்தின் கீழ் 2024 வரை விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்பது ஒன்றிய அரசின் கணக்கு. ஆங்கிலத் தலைப்பின் நிகழ்கால வினை இந்தச் சாவுகளுக்கு ஒரு வழக்கத்தின் சாயலைக் கொடுத்துவிடுகிறது. சூரியன் உதிக்கிறது, மழை பெய்கிறது, இவர்கள் சாகிறார்கள்.

சட்டத்தின் இலக்கணம் வேறு

கையால் மலம் அள்ளும் தொழிலாளர் பணியமர்த்தத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம் 2013இல் இயற்றப்பட்டு அவ்வாண்டு டிசம்பர் 6 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 7ஆம் பிரிவைச் செய்தித் தலைப்போடு ஒப்பிட்டு வாசிக்க வேண்டும். எந்த நபரும், உள்ளாட்சி அமைப்பும், முகமையும் சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தவோ பணியமர்த்தவோ கூடாது என்கிறது அப்பிரிவு. இவ்வாக்கியத்தில் எழுவாய் வேலை கொடுப்பவர். வினை ‘ஈடுபடுத்துதல்’. தொழிலாளி செயப்படுபொருள். ‘மறைமுகமாக’ என்ற சொல் ஒப்பந்ததாரருக்குப் பின்னால் ஒளியும் வீட்டு உரிமையாளரையும் நிறுவனத்தையும் நகராட்சியையும் வாக்கியத்துக்குள் இழுத்து வருகிறது.

இப்பிரிவை முதல்முறை மீறினால் 9ஆம் பிரிவின்படி 2 ஆண்டுவரை சிறையோ, 2 லட்ச ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் மீறினால் 5 ஆண்டு, 5 லட்சம். இத்தண்டனைக்கு எவரும் சாக வேண்டிய தேவையில்லை. இறக்கிவிட்டாலே குற்றம் முழுமையடைந்துவிடுகிறது. அதாவது சட்டத்தின் பார்வையில் செய்தி என்பது தொழிலாளி மூச்சடைத்த கணத்தில் தொடங்குவதில்லை. அவர் குழிக்குள் அனுப்பப்பட்ட கணத்திலேயே தொடங்கிவிடுகிறது.

2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இதே இலக்கணத்தைப் பின்பற்றுகிறது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கையால் மலம் அள்ளச் செய்வதும், அதற்காகப் பணியமர்த்துவதும், பணியமர்த்த அனுமதிப்பதும் அதன் 3(1)(ஜே) பிரிவின்படி வன்கொடுமை. செய்வித்தல், அமர்த்துதல், அனுமதித்தல் என மூன்று வினைகளும் மேலே நிற்பவருக்கு உரியவை.

நீதிமன்றங்களும் எப்போதும் இந்த இலக்கணத்தைக் காப்பாற்றியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு வரலாற்று முக்கியத்துவம் உடையது. 1993 முதல் சாக்கடைகளில் மாண்ட ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்ச ரூபாய் வழங்க அது ஆணையிட்டது. ஆனால் அதே தீர்ப்பு, பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக்குள் ‘நுழைவது’ அவசரச் சூழலிலும் குற்றமாக்கப்பட வேண்டும் என்ற பொருளில் எழுதியது. நுழைவது யார்? தொழிலாளி. சொல்ல வந்தது நுழையவைப்பவரைப் பற்றி. வினைச்சொல்லோ நுழைந்தவரைச் சுட்டுகிறது. நல்ல நோக்கமுள்ள பேனாவையும் இந்தப் பழக்கம் வளைத்துவிடும் என்பதற்கு இது சான்று.

2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் இழப்பீடு 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. 2025 சனவரியில் தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு சாக்கடையைச் சுத்தம் செய்வதை நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தீர்ப்புகளின் மொழி கடுமையாகியிருக்கிறது. தலைப்புகளின் மொழி மாறவில்லை.

தமிழில் வாயுதான் குற்றவாளி

ஆங்கில இதழ்களைக் குறை கூறிவிட்டுத் தமிழ் இதழ்களைத் தப்பவிட முடியாது. 1993 முதல் பதிவான இத்தகைய மரணங்களின் மாநிலவாரிப் பட்டியல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோதெல்லாம் தமிழ்நாடு முதல் வரிசையில் நின்றிருக்கிறது. நம் நாளிதழ்களின் நிரந்தரத் தலைப்பு ‘விஷவாயு தாக்கி பலி’ என்பது. ஆங்கிலம் எழுவாயை மறைக்கிறது. தமிழோ ஒரு போலி எழுவாயை நிறுத்துகிறது. தாக்கியது யார்? வாயு. வாயுவுக்குச் சாதியில்லை, முகவரியில்லை, அதன்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவும் முடியாது.

‘பலி’ என்ற சொல்லின் வரலாறு இன்னும் கசப்பானது. பலி என்பது கொடுக்கப்படுவது. கொடுப்பவர் ஒருவர் இல்லாமல் பலி இல்லை. அச்சொல்லை நாள்தோறும் அச்சிடும் நாம் பலி கொடுத்தவரைக் கேட்க மறந்துவிட்டோம்.

தமிழ் இலக்கணம் இவ்விடத்தில் நமக்கு ஒரு கருவியைத் தந்திருக்கிறது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ‘இறங்கினார்’ தன்வினை. ‘இறக்கினார்’ பிறவினை. இரண்டுக்கும் இடையில் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. அந்த ஓர் எழுத்தில்தான் ஒப்பந்ததாரரும் உரிமையாளரும் அதிகாரியும் நிற்கிறார்கள். தொழிலாளி தொட்டிக்குள் இறங்கினார் என்று எழுதினால் அது அவரது முடிவு. தொழிலாளியைத் தொட்டிக்குள் இறக்கினார்கள் என்று எழுதினால் அது சட்டப்பிரிவு.

அரசின் சொற்கணக்கு

சொல்லைத் தேர்ந்தெடுப்பதன் மூலம் மரணத்தையே இல்லாமல் ஆக்க முடியும் என்பதை ஒன்றிய அரசு 2021இல் காட்டியது. அவ்வாண்டு பிப்ரவரியில், முந்தைய ஐந்தாண்டுகளில் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்தபோது 340 பேர் இறந்ததாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஜூலையில், கையால் மலம் அள்ளுவதால் இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று அதே அமைச்சகம் கூறியது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் ‘கையால் மலம் அள்ளுதல்’, ‘அபாயகரமான சுத்தப்படுத்துதல்’ ஆகிய இரண்டையும் தனித்தனியாக வரையறுத்திருப்பதே இந்த விந்தைக்குக் காரணம். ஒரு வரையறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி எழுதியவுடன் மரணம் பூச்சியமாகிவிட்டது. ‘பதிவாகவில்லை’ என்ற வினையும் ‘டை’ போன்றதே. பதிவு செய்யாதவர் யார் என்பதை அது சொல்லாது.

தலைப்பிலிருந்து காவல் நிலையத்துக்கு

இறந்தவரின் மனைவியோ தம்பியோ காவல் நிலையத்தில் கொடுக்கும் புகார் அவரது சொந்த வாக்கியத்தில் பதிவாவது அரிது. சுத்தம் செய்ய இறங்கியபோது விஷவாயு தாக்கி மயங்கி விழுந்து இறந்துவிட்டார் என்ற ஆயத்த வாக்கியம் அங்கே காத்திருக்கிறது. அவ்வாக்கியத்தில் குற்றம் செய்தவர் இல்லாததால், சந்தேக மரணமாகப் பதிந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் விசாரணையை முடித்துக்கொள்ள வழி பிறக்கிறது. போராடினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், சேர்க்கப்படும். இன்னும் போராடினால்தான் 105ஆம் பிரிவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும்.

105க்கும் 106க்கும் இடையிலான வேறுபாடு ‘தெரிந்திருந்தது’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கியிருக்கிறது. மரணம் நேரக்கூடும் என்று தெரிந்தே செய்தால் அது கவனக்குறைவு ஆகாது. மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கும் என்பதும், அதன் அளவு மிகுந்தால் மணம் அறியும் திறனே மழுங்கிச் சில மூச்சுகளில் நினைவு தப்பும் என்பதும் பாடநூல் செய்திகள். முதலில் இறங்கியவரைக் காப்பாற்றச் சென்ற இரண்டாமவரும் மூன்றாமவரும் மாள்வது இதனால்தான். 2013இன் சட்டம், 2014இன் தீர்ப்பு, ஆண்டுதோறும் வரும் செய்திகள் ஆகிய அனைத்துக்கும் பிறகு ஒருவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவது? 2022, 2023ஆம் ஆண்டுகளின் 54 மரணங்களை ஆராய்ந்த அரசின் சமூகத் தணிக்கையே 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் பாதுகாப்புக் கருவி எதுவும் இருக்கவில்லை என்று கண்டது. தொடர்ந்து ஒரே விதமாக நிகழும் ஒன்றை எதிர்பாராதது என்று அழைக்க முடியாது. ‘டை’ என்ற வினை இந்தத் ‘தெரிந்திருந்தது’ என்பதைத்தான் முதலில் அழிக்கிறது.

இரக்கம் வேறு, பொறுப்பு வேறு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2018 செப்டம்பரில் தில்லியில் சாக்கடைக்குள் இறக்கப்பட்ட ஒரு தொழிலாளி கயிறு அறுந்து விழுந்து மாண்டார். அவரது உடலருகே மகன் அழுதுகொண்டு நின்ற ஒளிப்படத்தை ஒரு பத்திரிகையாளர் பொதுவெளியில் பகிர்ந்தார். சில நாள்களிலேயே 50 லட்ச ரூபாய்க்கு மேல் நன்கொடை குவிந்தது. அந்தப் பத்திரிகையாளரின் மனிதநேயமும் கொடுத்தவர்களின் நல்லெண்ணமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. ஆனால் ‘இறந்தார்’ என்ற சொல் நம்மிடமிருந்து பெற்றுத்தரக்கூடிய உச்சம் அதுதான்: கண்ணீரும் பணமும். பழைய கயிற்றைக் கொடுத்து அவரைக் கீழே அனுப்பியவர் யார் என்ற கேள்விக்கு நன்கொடை பதிலாகாது.

இயக்கம் தேர்ந்தெடுத்த வினை

இதே நிகழ்வுகளைப் பற்றிப் பேசும்போது தொழிலாளர்கள் வேறு வினைச்சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். பெஜவாடா வில்சன் தலைமையில் சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் 2015 டிசம்பர் 10 அன்று தொடங்கிய பீம் யாத்திரை 125 நாள்கள் நாடெங்கும் பயணித்து 2016 ஏப்ரல் 13 அன்று, அண்ணல் அம்பேத்கரின் 125ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளில், தில்லியில் நிறைவடைந்தது. அதன் முழக்கம் ‘எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்பது. 2022இல் அவ்வியக்கம் மீண்டும் வீதிக்கு வந்தபோதும் அதே முழக்கத்தையே ஏந்தியது.

அந்த முழக்கத்தின் இலக்கணத்தைப் பாருங்கள். ‘நாங்கள் சாகிறோம், காப்பாற்றுங்கள்’ என்று அவர்கள் மன்றாடவில்லை. கொல்பவர் முன்னிலையில் நிற்கிறார். அவரை நோக்கி ஏவல் வினை வீசப்படுகிறது. அதைச் செய்தியாக வெளியிட்ட இதழ்களும் மறுவாரம் அடுத்த மரணம் நிகழ்ந்தபோது ‘டை’க்கே திரும்பின.

என்ன செய்யலாம்?

செய்தி அறைகள் சொற்களை மாற்றவே மாட்டா என்று சோர்வடையத் தேவையில்லை. அலட்சியம் நிரூபிக்கப்பட்ட அல்லது குற்றஞ்சாட்டப்பட்ட சாலை நிகழ்வுகளை ‘விபத்து’ என்று எழுதுவதைத் தவிர்க்குமாறு அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு 2016இல் அறிவுறுத்தியது. அச்சொல் பொறுப்பானவரை விடுவிப்பதாக வாசிக்கப்படலாம் என்பது அது சொன்ன காரணம். தற்கொலைச் செய்திகளை எழுதும் விதத்துக்கு இந்தியப் பத்திரிகை மன்றமே 2019இல் நெறிமுறை வகுத்தது. மனம் இருந்தால் வினைச்சொல் மாறும்.

இதழியல் பயிலும் மாணவர்கள் ஒரு மலக்குழி மரணத்தை எழுத நேர்ந்தால் நான்கு கேள்விகளுக்கு விடை தேடாமல் தலைப்பை எழுத வேண்டாம். அவரை வேலைக்கு அழைத்தவர் யார்? இடத்தின் உரிமையாளர் யார்? என்ன கருவி கொடுக்கப்பட்டது? எந்தச் சட்டப்பிரிவில் வழக்குப் பதிவானது? கொலை என்று எழுதத் துணியாவிட்டாலும், சட்டத்துக்குப் புறம்பாகத் தொட்டிக்குள் இறக்கப்பட்ட இரண்டு தொழிலாளர்கள் மரணம் என்று எழுதலாம். அதில் அவதூறு இல்லை. உண்மை மட்டுமே உள்ளது.

களத்தில் நிற்கும் தோழர்கள் முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. புகார் மனுவைக் குடும்பத்தினரின் சொற்களில், வேலைக்கு அனுப்பியவரை எழுவாயாகக் கொண்டு எழுதுங்கள். ‘இறங்கினார்’ என்று எழுதப்பட்டிருந்தால் கையெழுத்திடும் முன் ‘இறக்கினார்கள்’ என்று திருத்தச் சொல்லுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7, 9ஆம் பிரிவுகளையும், இறந்தவர் பட்டியல் சாதியினர் எனில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிகழ்வு நடந்த 3 மாதங்களுக்குள் புகார் செய்யப்பட வேண்டும் என்று அதன் 10ஆம் பிரிவு கூறுவதால் காலம் தாழ்த்தக் கூடாது. இழப்பீட்டுக் காசோலை வழக்கை முடித்துக்கொள்வதற்கான விலை அன்று என்பதைக் குடும்பத்தினருக்கு எடுத்துச் சொல்லுங்கள். 30 லட்சம் அவர்களது உரிமை. தண்டனை அதற்கு மேலும் அவர்களது உரிமை.

அடுத்த முறை ‘டை’ என்றோ ‘விஷவாயு தாக்கி பலி’ என்றோ ஒரு தலைப்பைக் காணும்போது கடந்து செல்லாமல் அந்த இதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாக்கியத்தில் விடுபட்டுப்போன எழுவாயைக் கேளுங்கள். நீதிமன்றத்தில் அவரை நிறுத்துவதற்கு முன்னால் வாக்கியத்தில் நிறுத்தியாக வேண்டும்.